மழை விட்ட மறுநாள்

சேர்வராயன் மலையில் ஐப்பசி மழை பிடித்துப் பெய்தால், அடிவாரத்தில் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் புதுத் தண்ணீர் வரும். மறுநாள் காலை சேலத்திலுள்ள என் மாமாவுக்குக் காப்பி கூட இறங்காது. தூண்டிலும் கையுமாகக் கிளம்பிவிடுவார்.

"ஏனுங்க, வீட்டில் பொட்டுச் சர்க்கரை இல்லை. உங்களுக்கு மீன் கேட்கிறதா?" என்பாள் அத்தை.

"சர்க்கரை எந்நாளும் கடையில் கிடைக்கும். புது வெள்ளம் கிடைக்குமா?"

சென்ற ஐப்பசியில் நானும் அவரோடு போனேன்.

மழை விட்டதும் மீன் கரைக்கு வருவதற்குக் காரணம் சாப்பாடுதான். ஓடைத் தண்ணீர் மண்புழுவையும் பூச்சியையும் அடித்துக்கொண்டு ஏரியில் இறங்குகிறது. அதைத் தேடிச் சிறு மீன்கள் வருகின்றன. அவற்றைத் தேடி விரால் வருகிறது. விரால் துரத்தி ஓடும் ஜாதியல்ல. படித்துறைக் கல், மதகுச் சுவர், கோரைப் புல் இவற்றின் நிழலில் ஆடாமல் அசையாமல் கிடந்து, இரை கிட்டே வந்ததும் பாயும். அதனால் மாமா ஏரி நடுவில் தூண்டில் வீசுவதே இல்லை.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். மீன் கடைத் தொட்டியில் அது வெகுநேரம் உயிரோடு துள்ளுகிறதே, அதன் ரகசியமும் இதுதான்.

மதகு ஓரம் குங்குமம் கரைத்தாற்போல் ஒரு செம்மை தெரிந்தது. உற்றுப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான குஞ்சுகள்! மாமா தூண்டிலைச் சுருட்டினார்.

"போடுங்கள் மாமா! அடியில் பெரிய விரால் இருக்குமே!"

"இருக்கும் மாப்பிள்ளை. அதனால்தான் போடவில்லை."

விரால் குஞ்சுகளுக்குத் தாயும் தகப்பனும் காவல். நடுவில் எது விழுந்தாலும் பாய்ந்து கவ்வும். பசியால் அல்ல, பிள்ளைகளுக்கு ஆபத்து என்று. அந்தச் சமயத்தில் விராலைப் பிடிப்பதைப் போல் சுலபம் வேறில்லை.

"கல்யாணமான புதிதில் நானும் அப்படி ஒன்று பிடித்தேன்" என்றார் மாமா. "மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு குஞ்சு இல்லை. மற்ற மீன்கள் தின்றுவிட்டன. வீட்டுக்கு வந்து உன் அத்தையிடம் சொன்னேன். அவள் அப்போது மூத்தவனை வயிற்றில் சுமந்திருந்தாள். ஒன்றும் பேசவில்லை, அன்று சாப்பிடவும் இல்லை."

இரண்டே இரண்டு கெண்டையோடு திரும்பினோம்.

"இதற்கா இத்தனை நேரம்?" என்றாள் அத்தை. மாமா பதில் பேசவில்லை.

"விரால் குஞ்சோடு இருந்தது, அத்தை" என்றேன் நான்.

அத்தை ஒரு கணம் மாமாவைப் பார்த்தாள். மறுவார்த்தை இல்லாமல் கெண்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பகல் சாப்பாட்டில் பெரிய துண்டு மாமாவின் இலையில்தான் விழுந்தது.

சகோதரிகளே, மழை விட்டதும் உங்கள் வீட்டுப் பிள்ளை தூண்டிலும் கையுமாகப் புறப்பட்டால் தடுக்காதீர்கள். சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிவிடு என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். அந்தக் குஞ்சுகள் பிழைத்தால்தான் அடுத்த மழைக்கும் ஏரியில் விரால் இருக்கும்.