கப்பலில் பிறந்த டாக்டர்

கலைக்களஞ்சியத்தில் வரும் ஜீவிய சரித்திரங்களுக்கு ஒரு தனி லட்சணம் உண்டு. பிறந்த தேதி, பெற்ற பட்டம், எழுதிய நூல்கள், இறந்த தேதி எல்லாம் ஒழுங்காக இருக்கும். சரித்திர நாயகர் மட்டும் அகப்படமாட்டார். அப்படிப்பட்ட குறிப்பு ஒன்றை ஒரு நண்பர் கொண்டுவந்து, "இதைக் கொஞ்சம் செப்பனிட்டுக் கொடுங்கள்" என்றார். நாடகத்தையே மருந்தாக்கி மனநோய்க்கு வைத்தியம் செய்த டாக்டர் ஜேகப் லெவி மொரெனோவைப் பற்றியது அது. 'ஸைகோடிராமா' என்னும் மனோநாடக முறையைத் தோற்றுவித்தவர் அவரே.

முதல் வரியிலேயே சங்கடம் ஆரம்பமாகிவிட்டது. 1892-ம் வருஷம், கருங்கடலில் சென்றுகொண்டிருந்த கப்பலில் பிறந்தார் என்று எழுதியிருந்தது. எந்தத் தேசத்துக்கும் சொந்தமில்லாத குழந்தை! எவ்வளவு அழகாயிருக்கிறது! ஆனால் ருமேனியா தேசத்துப் புக்காரெஸ்ட் நகரத்தின் பதிவேடுகள் இந்த அழகுக்கு மசியவில்லை. 1889-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி அந்நகரத்திலே, கெட்டியான தரையிலேதான் அவர் பிறந்தார். கப்பல் கதையைப் பரப்பியவர் வேறு யாருமல்ல, சாக்ஷாத் மொரெனோவேதான்.

அப்படியானால் கப்பலைக் கவிழ்த்துவிடலாமே என்றார் நண்பர். எனக்கு மனம் வரவில்லை. தேதியையும் ஊரையும் திருத்திவிட்டு, "கப்பலில் பிறந்ததாக அவரே சொல்லிவந்தார்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். நடந்துபோன வாழ்க்கையை மேடையிலே மறுபடி நடித்துப் பார்க்கலாம் என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவர், தம்முடைய பிறப்பிலிருந்தே ஒத்திகையைத் தொடங்கியிருக்கிறார்! அது பொய்தான்; ஆனால் ஆளைக் காட்டும் பொய்.

குழந்தைப் பருவத்திலே மேஜைமீது நாற்காலிகளை அடுக்கி, உச்சியில் கடவுளாக வீற்றிருந்து, பறக்க முயன்று கையை முறித்துக்கொண்டதாகவும் அவர் சொல்வதுண்டு. 1921-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியன்று வியன்னா நாடக மேடையொன்றில் ஒரு சிம்மாசனத்தையும் கிரீடத்தையும் வைத்து, "அரசராக வர யாருக்குத் தகுதி?" என்று சபையோரையே அழைத்தார். அன்றைக்கு ஒருவரும் தேறவில்லை என்பது அவர் தீர்ப்பு.

பிறகு வியன்னாவில், முன்கூட்டி எழுதாமல் அப்போதைக்கப்போது கற்பித்து நடிக்கும் நாடகசாலையொன்றை நடத்தினார். அங்கேதான் பார்பாரா வருகிறாள். மேடையிலே சாதுவான, பரிசுத்தமான பாத்திரங்களுக்குப் பேர்போனவள். அவள்மேல் காதல்கொண்டு மணந்த ஜார்ஜ் ஒரு நாள் மொரெனோவிடம் வந்து, "வீட்டிலே வாயைத் திறந்தால் வசை, கையும் நீளுகிறது" என்று முறையிட்டான். மொரெனோ உபதேசம் செய்யவில்லை. மறுபடி மேடையேறியபோது பார்பாராவுக்குத் தெருவில் திரியும் துஷ்ட ஸ்திரீயின் வேஷத்தைக் கொடுத்தார். அவள் வெளுத்து வாங்கினாள், சபை பிரமித்தது. அப்படிப்பட்ட வேஷங்கள் தொடரத் தொடர வீட்டிலே கோபம் தணிந்ததாம். கோபம் கிளம்பும் சமயத்தில் மேடை ஞாபகம் வந்து சிரித்துவிடுவாளாம். பின்னால் தம்பதிகள் இருவரும் தங்கள் வீட்டுச் சண்டையையே மேடையில் நடித்தார்கள்.

பாடப் புத்தகங்கள் அநேகமாக இங்கே திரையை இறக்கிவிடுகின்றன. நண்பர் கொண்டுவந்த குறிப்பும் அப்படியே செய்திருந்தது. ஆனால் இதற்குப் பிறகும் ஓர் அங்கம் உண்டு. தம்பதிகள் பிரிந்தார்கள். ஜார்ஜ் என்று சொல்லப்படும் கவிஞர் கெயோர்க் குல்கா 1929-ம் வருஷம் தற்கொலை செய்துகொண்டார். வைத்தியத்தின்மேல் பழி சுமத்த நான் வரவில்லை. ஆனால் ஜயித்த பாதியை மட்டும் அச்சிட்டு மற்றப் பாதியை மறைப்பது சரித்திரமாகுமா? விளம்பரமல்லவா?

1925-ம் வருஷம் அமெரிக்கா சென்றபின் அவருடைய கீர்த்தி வளர்ந்தது. 1932-ல் ஹட்ஸன் என்னும் ஊரில் பெண்களுக்கான சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பெண்கள் ஓடிப்போனார்கள். யாருக்கு யாரைப் பிடிக்கும், யாருக்கு யாரைப் பிடிக்காது என்று விசாரித்து, புள்ளிகளும் கோடுகளுமாகப் படம் வரைந்து, அவர்களுக்குள் ஓடிய சிநேகச் சங்கிலியைக் காட்டினார் மொரெனோ. நம் வீட்டுக் கோலத்தைப் போலிருக்கும் அந்தப் படங்கள்! இந்த ஆராய்ச்சியில் உடன் உழைத்த ஹெலன் ஹால் ஜென்னிங்ஸ் என்ற பெண்மணியின் பெயர் குறிப்பில் இல்லை. சேர்த்தேன்.

1936-ல் நியூயார்க் ராஜ்யத்துப் பீக்கன் நகரில் ஆஸ்பத்திரி ஏற்படுத்தி, அதற்குள்ளேயே நாடக மேடையும் கட்டினார். மகன் தகப்பனாக நடிப்பான். தகப்பன் மகனாகப் பதில் சொல்லவேண்டும். 1941-ல் நோயுற்ற தமக்கையை அங்கே அழைத்துவந்த ஸெர்க்கா, பிற்பாடு 1949-ல் மொரெனோவை மணந்தார். 1974-ல் அவர் காலமான பின்பும், 2016-ல் தாம் மறையும்வரை, அந்தக் கலையை நாடு நாடாகச் சென்று கற்பித்தவர் இவரே. குறிப்பில் இவருக்குக் கிடைத்திருந்த இடம் 'மனைவி' என்ற ஒரே வார்த்தை! அதற்கு மூன்று வரிகள் கொடுத்தேன்.

நண்பர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். குல்காவின் மரணத்தைச் சொல்லும் வரியை மட்டும் பென்சிலால் வளைத்து, "இது அவசியந்தானா?" என்று ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். பென்சில் குறியை அழித்துவிட்டு, வரியை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.