மாங்கன்றுக்கு ஜாதகம் உண்டா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மத்தியானத் தூக்கம் கலைந்து, காபி வருமா வராதா என்று சமையலறைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் நேரம். தெருமுனையில் ஒரு குட்டியானை வண்டி வந்து நிற்கும். ஸ்பீக்கர் முழங்கும். 'இமாம்பசந்த், பங்கனப்பள்ளி, மல்கோவா, ருமானி... எது எடுத்தாலும் ஒரே விலை சார், ஒரே விலை!'

எட்டிப் பார்த்தால் எல்லாச் செடியும் ஒரே ஜாடையில் இருக்கும். ஒன்றில் மட்டும் கட்டைவிரல் பருமனில் இரண்டு மாங்காய் தொங்கும். நம் ஆள் அங்கேயே அவுட்!

சட்டை எடுத்தால் காலரைத் திருப்பிப் பார்க்கிறோம். கத்தரிக்காய் வாங்கினால் காம்பைத் திருகிப் பார்க்கிறோம். வரன் என்றால் மூன்று தலைமுறைக்கு விசாரணை. முப்பது, நாற்பது வருஷம் நம் வீட்டிலேயே குடியிருக்கப் போகிற மாமரத்துக்கு மட்டும், 'உன் அம்மா யாரு?' என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

என் பக்கத்து ஸீட் நண்பரின் அப்பா, ரிடையரான வருஷம் இப்படித்தான் ஒரு வண்டியில் 'இமாம்பசந்த்' வாங்கினார். அப்போது அவருக்கு 58 வயது. தினம் காலையில் தண்ணீர், வாரம் ஒரு நாள் மண் கிளறல், ஆடு வராமல் முள்வேலி. பேரனைக்கூட அவர் அப்படிக் கவனித்ததில்லை என்று வீட்டில் ஒரு குறை உண்டு. ஆறு வருஷம் கழித்து மரம் காய்த்தது, பழுத்தது. வெட்டி வாயில் வைத்தால் ஒரே நார்! புளிப்போ, காதுவரை இழுத்தது.

''எனக்குத்தான் ஷுகர் வந்துடுச்சே, இதுதான் சரி'' என்று பெரியவர் சிரித்துச் சமாளித்தார்.

''வேற நல்ல கன்னா வாங்கிட்டு வரட்டுமாப்பா?''

''இனிமே வெச்சு, நான் எப்போடா சாப்பிடறது?''

நண்பர் இதைச் சொல்லிவிட்டு ஃபைலைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். நானும் மேலே கேட்கவில்லை.

கன்றுக்குக் கொடுத்த பணம் போனால் போகட்டும். ஆறு வருஷத்தை எந்த நர்சரியில் மாற்றித் தருவார்கள்? ஆகவே பழக்கன்று விஷயத்தில் மலிவு என்பதன் அர்த்தமே வேறு. நல்ல ஒட்டு மாங்கன்று, நட்ட மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கத் தொடங்கும். அதற்காக நீங்கள் நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததாகவே வைத்துக்கொள்வோம். நாலு வருஷத்துக்கு 1,460 நாள். ஒரு நாளைக்கு ஏழு பைசாகூட ஆகவில்லை!

அந்தப் பெரியவருக்கு என்ன நடந்திருக்கும்? ஒட்டுக் கன்று என்பது இரண்டு செடி சேர்ந்த கூட்டுக் குடும்பம். கீழே வேர்ப்பகுதி, ஏதோ ஒரு மாங்கொட்டையில் முளைத்தது. மேலே இருக்கும் குச்சி, நல்ல ரகத் தாய்மரத்திலிருந்து வெட்டிக் கட்டியது. பழம் கொடுப்பது மேல்வீட்டுக்காரர். அவர் காய்ந்துபோய் கீழ்வீட்டுக்காரர் தளிர்விட்டால், நாம் பாட்டுக்கு அவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம். இல்லையென்றால், ஒட்டே கட்டாத வெறும் கொட்டைக் கன்றாக இருந்திருக்கும். நம்மூர் உயர்ரக மாமரங்களின் கொட்டையைப் போட்டால் பிள்ளை தாயைப் போலவே வரும் என்று சொல்ல முடியாது.

சரி, ஜாதகத்தோடு கன்று எங்கே கிடைக்கும்?

முதலில் அரசாங்கத்தின் தோட்டக்கலைப் பண்ணைகள். சென்னைவாசிகளுக்கு மாதவரம் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் வட்டாரத்தில் உள்ள தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்தால், பக்கத்துப் பண்ணை எது, என்ன கன்று கைவசம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தனியாரைவிடப் பெரும்பாலும் விலை குறைவு. சில சமயம் திட்டம் ஏதாவதும் நடந்துகொண்டிருக்கும். 2025-ல் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் பப்பாளி, கொய்யா, எலுமிச்சை மூன்றும் சேர்ந்த ஒரு தொகுப்பு இருந்தது. இப்போது என்ன உண்டு என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

ஒரே சங்கடம், நமக்கு ஆபீஸ் இருக்கும் நேரத்தில்தான் அவர்களுக்கும் ஆபீஸ். அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும். லீவு லெட்டரில் 'கன்று வாங்க' என்று மட்டும் எழுதி விடாதீர்கள். 'ஃப்ளாட்டிலே மாட்டை எங்கேய்யா கட்டுவே?' என்பார் மேனேஜர்.

அடுத்தது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். கோவையில் தலைமையகம். பழத்துக்குப் பேர்போனது தேனி மாவட்டம் பெரியகுளம். 1957-ல் பழ ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, இன்று தோட்டக்கலைக் கல்லூரியாக இருக்கிறது. ரகத்தின் பெயரில் 'பி.கே.எம்.' என்று இருந்தால் பெரியகுளத்துப் பிள்ளை என்று அர்த்தம். மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கேட்டுப் பாருங்கள்.

மாங்கன்று மட்டும்தான் வேண்டும் என்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளி பக்கம் சந்தூர் என்று ஒரு ஊர். ஒட்டுக் கட்டுவதே அங்கே குடிசைத் தொழில் மாதிரி. நாலு பேர் ஒரு வண்டி பேசிக்கொண்டு போனால் கட்டுப்படியாகும். ஒரே ஒரு கன்றுக்காகச் சென்னையிலிருந்து டாக்ஸி எடுத்தால், அந்த மாம்பழம் தங்க பஸ்பத்துக்குச் சமானம்.

ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கம் கடியம், கேரளாவில் திருச்சூர் பக்கம் மண்ணுத்தி, இந்த இரண்டும் நர்சரிக்கென்றே பிறந்த ஊர்கள். அந்தப் பக்கம் கல்யாணம், கோயில் என்று போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம். வெளியூர்க் கன்றை வந்த கையோடு வெயிலில் நடாமல், ஒரு வாரம் பத்து நாள் நிழலில் வைத்துப் பழக்குங்கள்.

தெருமுனை நர்சரிக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. வருஷக்கணக்காக ஒரே இடத்தில் கடை போட்டிருக்கிறவர் நல்லதாகத்தான் கொடுப்பார். நாளைக்கும் அவர் முகத்தில் நாம் விழிப்போமே! நகர்ந்துகொண்டே இருக்கிற கடையில்தான் ஜாக்கிரதை வேண்டும்.

எங்கே வாங்கினாலும் குனிந்து பாருங்கள். மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் ஒட்டுப் போட்ட தழும்பு தெரிய வேண்டும். அது நன்றாகக் கூடியிருக்க வேண்டும். தழும்புக்கு மேலே தளிர் இருந்தால் சந்தோஷம். கீழேதான் தளிர் என்றால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். நட்ட பிறகும் தழும்புக்குக் கீழே வரும் துளிரை உடனுக்குடன் கிள்ள வேண்டும். ஒட்டில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நாடா, கூடிய பிறகும் இருந்தால் தண்டை நெரிக்கும். மெதுவாக அவிழ்த்துவிடுங்கள்.

காயோடு தொங்கும் கன்றைப் பார்த்து மயங்காதீர்கள். பால்குடிப் பிள்ளையை வேலைக்கு அனுப்புகிற கதை அது. முதல் இரண்டு மூன்று வருஷம் மாவில் வரும் பூவைக் கிள்ளிவிட்டால்தான் மரம் தேறும். (பூவைக் கிள்ளும்போது வீட்டில் திட்டு விழும். வாங்கிக்கொள்ளுங்கள்.)

எல்லாவற்றுக்கும் 'ஒட்டு' என்று கூடுதல் காசு கொடுக்கவும் வேண்டாம். பப்பாளி விதையில்தான் வரும், நட்டுப் பத்து மாதத்தில் பழம் பறிக்கலாம். ஆனால் கோ.2 போன்ற ரகங்களில் ஆண் மரமும் வரும். மூன்று நாலாக நட்டு, பூ வந்ததும் மகரந்தத்துக்கு ஒரு ஆணை மட்டும் விட்டுவிட்டு, மிச்ச ஆணை வெட்டிவிட வேண்டும். எலுமிச்சை விதைக் கன்று பெரும்பாலும் தாயைப் போலவே வரும், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கொய்யா, மாதுளை இரண்டுக்கும் பதியன் கன்று கேளுங்கள். கொய்யாவில் லக்னோ-49 நல்ல ரகம். பேர்தான் லக்னோ, தேர்ந்தெடுத்தது பூனாவில். சப்போட்டாவைப் பாலா கன்றின்மேல் ஒட்டுக் கட்டுவார்கள். பாலா மெதுவாக வளர்கிற ஜாதி. அதனால் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், பேரம் பேசி மல்லுக்கட்டாதீர்கள். நெல்லி ஒற்றை மரமாக வைத்தால் சரியாகக் காய் பிடிக்காது, பக்கத்தில் வேறு ரக நெல்லி ஒன்று துணைக்கு வேண்டும்.

மாவில் இமாம்பசந்த் மேல் ஆசை இருப்பது நியாயம்தான். ஆனால் அது காய்ப்பில் கொஞ்சம் சங்கோஜி. வீட்டுக்கு ஒரே ஒரு மரம்தான் என்றால் நீலத்தை யோசியுங்கள். பெயரில் பந்தா கிடையாது, வருஷா வருஷம் ஆஜர் கொடுத்துவிடும். ஆபீஸில் அப்படி ஒரு ஆள் கிடைத்தால் நாம் விடுவோமா?

கன்று வாங்குவதற்கு முன்பே குழியை வெட்டிவிடுங்கள். மா, சப்போட்டாவுக்கு மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம். கொய்யாவுக்கு ஒன்றரை அடி போதும். இரண்டு வாரம் குழி வெயிலில் காயட்டும். பிறகு மேல்மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்பி, ஆடி மழைக்குப் பிறகு நடுங்கள். ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். குழியைத் தாங்களே வெட்ட ஆரம்பித்தவர்களுக்கு ஒரு அடி ஆழத்திலேயே தெரியும், தனக்கு எத்தனை மரம் தேவை என்று!

கடைசியாக ஒன்று. கன்று வாங்கியதும் ரகத்தின் பெயரை எழுதி பில் கேளுங்கள். விற்கிறவர் எழுதத் தயங்கினால், உங்கள் கையும் பர்ஸுக்குப் போகத் தயங்கட்டும். எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். முதல் பழத்தை வெட்டுகிற அன்றைக்கு எடுத்துப் பார்க்கலாம். அப்பா அம்மா வீட்டில் இருக்கிறவர்கள், குழி வெட்டுகிற வேலையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளாதீர்கள்.