மாணாக்கர்க்குச் சிறிய எஸ்.எஸ்.டி. சாலும்

கணினி இல்லாத மாணாக்கர் இக்காலத்து அரியர். விரைந்து இயங்கும் கணினி உடைய மாணாக்கரோ அவரினும் அரியர். உசிலம்பட்டியினின்றும் மேலூரினின்றும் வாடிப்பட்டியினின்றும் நாள்தோறும் பேருந்தேறி நம் மதுரைக் கல்லூரிகளுக்கு வருவோருட் சிலர், தமையனோ தமக்கையோ பள்ளியிற் பெற்ற மடிக்கணினியையே இன்றுங் கையாளுகின்றனர். 2011ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி வந்தவை அவை. அவற்றுட் பல இப்பொழுது பரண்மேற் கிடக்கின்றன. பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி அருந்தி வந்தாலும் திரை எழவில்லை என்பதே அவற்றின்மீது சாற்றப்படும் குற்றம். இதனைக் கேட்ட வீட்டார் வட்டிக்குப் பணம் வாங்கியேனும் புதியதொன்று வாங்கித் தர முற்படுகின்றனர். அங்ஙனம் கடன்படுமுன் ஒரு சிறு உறுப்பை மாற்றிப் பார்த்தல் வேண்டும் என்பதும், அவ்வுறுப்பைத் தேருங்கால் பெரியதை நாடாது மெய்யானதை நாடல் வேண்டும் என்பதுமே யாம் ஈண்டு வற்புறுத்துவன.

அக்கணினிகளின் தளர்ச்சிக்குப் பெருங்காரணம் ஹார்ட் டிஸ்க் என்னும் சுழல்வட்டாகும். நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தகட்டின்மேல் ஒரு நுண்முனை அங்குமிங்கும் ஓடிக் கோப்புகளின் துணுக்குகளைத் தேடித் திரட்டுகின்றது. ஒவ்வொரு தேடலுக்கும் ஏறக்குறைய வினாடியில் நூற்றிலொரு பங்கு செல்லும். சிறிதன்றோ எனலாம், ஆயின் கணினி விழித்தெழுவதற்குள் இத்தகைய தேடல்கள் பல்லாயிரம் நிகழ்தல் வேண்டும். எஸ்.எஸ்.டி.யிலோ சுழல்வதும் ஓடுவதும் யாதுமில்லை. சில்லுகளிலுள்ள நுண்ணறைகளில் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தியே அஃது எழுத்தைக் காக்கின்றது. தோஷிபா நிறுவனத்துப் பொறியாளர் ஃபூஜியோ மசுவோகா 1980களிற் கண்ட ஃபிளாஷ் நினைவகமே இதற்கு அடிப்படை. இதில் ஒரு தேடல் வினாடியில் பதினாயிரத்திலொரு பங்களவில் முடிந்துவிடும். பேருந்துக் குலுக்கலில் முனை தகட்டைக் கீறிவிடுமோ என்னும் அச்சமும் இல்லை.

இனி அளவைப் பற்றிப் பேசுவோம். கடைக்குச் செல்லும் மாணாக்கர் முதலிற் கேட்பது "ஒரு டி.பி. உண்டா?" என்பதே. எதற்கு என்று வினவினால் விடை கூறுவார் இலர். தமிழெழுத்தொன்று யூனிகோட்டின் யு.டி.எஃப்-8 முறையில் 3 பைட் இடங்கொள்ளும். உயிர்மெய்க்குறியுஞ் சேரின் 6 பைட். இக்கணக்கின்படி 1,330 குறளும் அரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். 240 ஜி.பி. கொண்ட சிறிய எஸ்.எஸ்.டி.யில் திருக்குறள் மூலத்தை நான்கு லட்சம் முறைக்குமேல் எழுதி வைக்கலாம்! ஒளிவருடிய பழநூற்படங்கள் மிகுந்த இடம் பற்றுவது உண்மையே; எனினும் மூவாண்டுப் படிப்பிற்குத் தேவையானவை அனைத்தும் அச்சிறு பொருளில் அடங்கி எஞ்சும். எஞ்சாத இடமெல்லாம் பெரும்பாலும் திரைப்படங்களால் நிறைவது என்பதை விடுதி நண்பர்கள் அறிவர்.

பேரளவின்மேற் செல்லும் இவ்வாசையைத்தான் வஞ்சகர் தம் முதலாக்கிக்கொள்கின்றனர். இணையச் சந்தைகளில் பேரறியாச் சரக்கு ஒன்று "2 டி.பி." என்னும் முத்திரையோடு மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படுவதுண்டு. உறையைப் பிரிப்பின் உள்ளே கைப்பேசியில் இடும் சிறு நினைவட்டையொன்றே ஒட்டப்பட்டிருக்கும். அதன் கட்டுப்பாட்டுச் சில்லு கணினியிடம் பொய்யளவு கூறுமாறு திரிக்கப்பட்டுள்ளது. மெய்யான இடம் நிரம்பும்வரை குறையொன்றுந் தோன்றாது; நிரம்பியபின் எழுதுவன பழைய கோப்புகளின்மேல் எழுதப்படும், அன்றி வெறுமனே மறையும். கோப்பின் பெயர் மட்டுங் காணப்படும். திறந்தால் உள்ளே ஒன்றும் இராது. ஆய்வுக்கட்டுரை ஒப்படைக்கும் நாளில் ஒரு மாணாக்கர்க்கு இது நேரின் அவர் நிலை என்னாம்? எச்2டெஸ்டபிள்யூ என்னும் இலவச மென்பொருள் வட்டு முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்து இப்பொய்யை வெளிப்படுத்தும். வாங்கிய அன்றே, கோப்பொன்றும் இடுமுன், இச்சோதனையைச் செய்தல் நன்று.

240 ஜி.பி. என்று வாங்கியது விண்டோஸில் 223 எனத் தோன்றுவது கண்டு கடைக்காரரோடு பூசலிடுவாரும் உளர். அது வஞ்சமன்று. செய்வோர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் 1,024ஆல் பெருக்கிக் கணக்கிடுகின்றது.

பழைய மடிக்கணினிக்கு வேண்டுவது இரண்டரை அங்குல சாட்டா வகையாகும். என்விஎம்இ வகை வினாடிக்கு மூவாயிரம் மெகாபைட் படிக்கும் என்று விளம்பரங் கண்டு மயங்குதல் வேண்டா; அஃது இப்பழங்கணினிகளிற் பொருந்தவே பொருந்தாது. (பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கும் அன்பர்க்கு நேர்மாறு: அதற்கு நான்காந் தலைமுறை எம்.2 வகையே வேண்டும்.) ஓர் அறையில் மூன்று பிட் வைப்பது டி.எல்.சி.; நான்கு பிட் வைப்பது க்யூ.எல்.சி. ஒரே படியில் எட்டுக் கோடிட்டு அளப்பதற்கும் பதினாறு கோடிட்டு அளப்பதற்கும் உள்ள வேறுபாடே இது. கோடு நெருங்க நெருங்கப் பிழை மிகும், ஆயுளுங் குறையும். விலை ஒத்திருப்பின் டி.எல்.சி.யே கொள்க. ஆயுளைப் பற்றிய அச்சமும் அளவு கடந்தது. கிங்ஸ்டன் ஏ400 வகையின் 240 ஜி.பி.க்கு 80 டெராபைட் எழுதும்வரையும், சாம்சங் 870 ஈவோ வகையின் 250 ஜி.பி.க்கு 150 டெராபைட் எழுதும்வரையும் உத்தரவாதம் குறிக்கப்பட்டுள்ளது. நாளொன்றுக்கு 10 ஜி.பி. எழுதினும் 80 டெராபைட் தீர 21 ஆண்டுகளுக்குமேல் ஆகும். ஆண்டுக்கணக்கில் முன்னதற்கு உத்தரவாதம் மூன்று, பின்னதற்கு ஐந்து. அதனைப் பெறுதற்கு ரசீது வேண்டும். வரியின்றித் தருகிறேன், பில் வேண்டா என்பாரிடம் வாங்குதல் ஆதாயமன்று. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்வதால் 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இவற்றின் விலை ஏறியதும் சிறியதை நாடுதற்கு மற்றொரு காரணம்.

எல்லா நோய்க்கும் இது மருந்தென்று யாம் கூறவில்லை. ரேம் 2 ஜி.பி. மட்டுமே உள்ள கணினியில் அதனையும் கூட்டினாலன்றி முழுப்பயன் விளையாது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பழங்கணினிகளோ விண்டோஸ் 11க்குத் தகுதியுடையனவல்ல. லினக்ஸ் நிறுவிக்கொள்ளலாம், தமிழ்த் தட்டச்சு அதில் நன்கு அமையும்.

எஸ்.எஸ்.டி.க்கு வேறொரு குறையும் உண்டு. ஹார்ட் டிஸ்க் பழுதாகுமுன் பலகால் ஓசையால் அறிவிக்கும். இஃது ஒருநாள் யாதொரு குறிப்புமின்றி ஓய்ந்துவிடக்கூடும். மின்சாரமின்றி வெப்பமிகு அறையில் நெடுங்காலங் கிடப்பின் அறைகளிலுள்ள மின்னூட்டமுங் கசியும். ஓலைச்சுவடியைச் செல்லரிக்குமுன் படியெடுத்துப் படியெடுத்தே நம் முன்னோர் நூல்களைக் காத்தனர், படியெடாதன மாண்டன. ஆதலின் கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் நலமுடையதாயின் அதனை எறியற்க. யு.எஸ்.பி. உறையொன்றில் அதனை இட்டு, வாரந்தோறும் ஞாயிறு மாலையில் கட்டுரைகளையும் குறிப்புகளையும் அதிற் படியெடுத்துவைக்க. படிகாக்கும் பணிக்கு அதன் மெதுவான நடை தடையன்று.