மணிச்சத்தை வயலிலேயே நிறுத்துவோம்

பாபநாசம் வட்டாரத்தில் மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கும் தை, மாசி மாதங்களில் ஊர்க் குளங்கள் பலவும் பண்ணைக் குட்டைகளும் பச்சை நிறம் கொள்வதை விவசாயிகள் அறிவார்கள். முதலில் தண்ணீர் பசுமையாகிறது. பிறகு பாசி படர்கிறது. ஆகாயத்தாமரை ஒரு மூலையில் தொடங்கிக் கரைக்குக் கரை மூடிவிடுகிறது. விடியற்காலையில் கெண்டை மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகின்றன. அடுத்த நாள் சில செத்து மிதக்கின்றன.

"தண்ணீர் தெளிய என்ன போடலாம்?" என்று மீன் விட்டவர்கள் கேட்கிறார்கள். கேட்பது நியாயந்தான். ஆனால் இதற்கு மருந்தைக் குளத்தில் தேடுவதைவிட வயலில் தேடுவதே கைப்பணத்துக்கும் மண்ணுக்கும் நல்லது என்பது என் கருத்து.

பசுமைக்குக் காரணம்

தண்ணீரைப் பச்சையாக்குவதில் முதற்பங்கு மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பேட்டுக்கு உண்டு. கனடா நாட்டில் 226 என்று எண்ணிட்ட ஏரி ஒன்றில் 1973-ஆம் ஆண்டு டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். ஏரியின் நடுவே குறுகிய இடத்தில் திரை கட்டி அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரிச்சத்தும் தழைச்சத்தும் இட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு மணிச்சத்தையும் சேர்த்தார்கள். மணிச்சத்து இட்ட பாதி மட்டும் பாசி பிடித்துப் பச்சையாயிற்று.

மணிச்சத்தே ஆகாது என்பதல்ல. மீன் குட்டையில் நுண்ணுயிர் வளரச் சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் இடுவது வழக்கம். கட்லாவும் ரோகுவும் அதனால்தான் பெருக்கின்றன. அளவு மிஞ்சும்போதுதான் கேடு. கலங்கல் இல்லாத நாளில் கையை நேராகத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். முழங்கை மூழ்குமுன் உள்ளங்கை கண்ணுக்கு மறைந்தால் சத்து மிஞ்சிவிட்டது என்று பொருள். அதன்பின் எருவும் தீவனமும் இடுவதை நிறுத்த வேண்டும். பகலில் ஆக்சிஜன் தரும் அதே பாசி, இரவில் அதைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. மீன் விடியற்காலையில் திணறுவது இதனால்தான்.

கடைச் சரக்கும் குட்டையும்

வெளிநாடுகளில் பலர் கண்ணாடித் தொட்டியில் கடல் நீர் நிரப்பிப் பவளம் வளர்க்கிறார்கள். பாஸ்பேட் மிஞ்சினால் தொட்டியில் பாசி படரும். பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுவதும் தடைப்படும். ஆகையால் தண்ணீர் வடிகட்டும் கருவியில் பாஸ்பேட்டைப் பிடிக்கும் பொருள்களை வைக்கிறார்கள். அவை முக்கியமாக மூன்று. ஒன்று, துருவைப் போன்ற இரும்பு ஆக்சைடு குருணை. இது வலுவாகப் பிடிக்கும். நிரம்பியதும் எறிந்துவிட வேண்டும். இரண்டு, அலுமினிய ஆக்சைடு உருண்டை. மூன்று, லாந்தனம் என்ற உலோக உப்பு. இதைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பாஸ்பேட் வெண்மையான தூளாகப் பிரியும். அந்தத் தூளை வடிகட்டி எடுக்காவிட்டால் மீனுக்குத் தொல்லை.

இவற்றை நம் குட்டைக்குக் கொண்டுவரலாமா? கணக்குப் பாருங்கள். 25 சென்ட் குட்டையில் 4 அடி தண்ணீர் நின்றால் சுமார் 12 லட்சம் லிட்டர். 200 லிட்டர் தொட்டியைப் போல் 6,000 மடங்கு. தொட்டிக்கு 100 கிராம் குருணை என்றால் குட்டைக்கு 600 கிலோ. மீன் விற்ற பணம் இதற்கே போய்விடும்.

விலையை விட்டுப் பார்த்தாலும் சிக்கல் உண்டு. இரும்பு, ஆக்சிஜன் உள்ள நீரில்தான் பாஸ்பேட்டைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். குளத்து அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பிடித்ததை விட்டுவிடும். படிகாரம் பாஸ்பேட்டைப் படிய வைக்கும் என்பது உண்மை. ஏரிகளில் நிபுணர்கள் மேற்பார்வையில் இட்டதும் உண்டு. ஆனால் அளவு மிஞ்சினால் தண்ணீர் அமிலமாகி மீன் மடியும். லாந்தனம் கலந்த களிமண் அடிச்சேற்றிலும் பிடியை விடாது. சிறு விவசாயிக்கு அதன் விலை எட்டாது. மீன் வளர்ப்பவர்கள் வாங்கும் ஜியோலைட் அம்மோனியாவைப் பிடிக்கும் பொருள். பாஸ்பேட்டுக்கு அதனால் பயனில்லை. வாங்குமுன் இது எந்தச் சத்தைப் பிடிக்கும் என்று கடைக்காரரிடம் கேட்பது நல்லது.

வயல் களிமண் செய்யும் வேலை

தொட்டிக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் இரும்பும் அலுமினியமும் நம் காவிரி வண்டலில் இயற்கையாகவே இருக்கின்றன. மணிச்சத்தைப் பிடித்து வைக்கும் பெரிய வடிகட்டி நம் காலடி மண்தான். அதை வேலை செய்யவிட்டால் போதும்.

மண் காய்ந்திருக்கும்போது அதிலுள்ள இரும்பு மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் கட்டிச் சேறாக்கியதும் ஆக்சிஜன் குறைந்து, இரும்பு பிடியைத் தளர்த்துகிறது. குளத்துச் சேற்றில் கெடுதலாகும் இதே செயல் நெல் வேருக்கு விருந்தாகிறது. எனவே புஞ்சைப் பயிரைவிட நெல்லுக்கு மண்ணின் பழைய இருப்பிலிருந்தே மணிச்சத்து கூடுதலாகக் கிடைக்கிறது. அறுவடைக்குப்பின் வயல் காயும்போது மண் மறுபடி இறுகப் பிடித்துக்கொள்வதால் நெல் தரிசு உளுந்து மட்டும் ஏங்கி நிற்கும். அதற்கு 2 சத டி.ஏ.பி. கரைசலை இலைவழி தெளிக்கச் சொல்வது இதனால்தான். ஏக்கருக்கு 4 கிலோவை 20 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்து, 200 லிட்டராக்கிப் பூக்கும் தருணத்திலும் 15 நாள் கழித்தும் மாலையில் தெளிக்க வேண்டும்.

ஆனால் உரம் மண்ணோடு சேர்ந்தால்தான் மண் அதைப் பிடிக்க முடியும். நிற்கும் தண்ணீரில் டி.ஏ.பி.யை மேலுரமாக விசிறி, மறுநாளே மடையைத் திறந்தால் மணிச்சத்து வடிகால் வழியே குளத்துக்குப் போகும். சேறு கலங்கிய நீரை வடித்தாலும் அதே நட்டந்தான்; மணிச்சத்து களித்துகளில் ஒட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே மணிச்சத்து முழுவதையும் அடியுரமாகக் கடைசிச் சேற்றுழவில் இட்டுப் பரம்படிக்க வேண்டும். கலங்கல் தெளிந்த பிறகே நீர் வடிக்க வேண்டும். உரமிட்டபின் ஒரு வாரமாவது மடை மூடியிருக்கட்டும். சம்பா, தாளடிக்கு ஐப்பசி மழை பெரிய இடையூறு. புயல் எச்சரிக்கை வந்தால் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

மூட்டைக் கணக்கு

ஒரு டன் நெல் விளைய, வைக்கோலும் சேர்த்துச் சுமார் 6 கிலோ மணிச்சத்து செலவாகிறது. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக 40 மூட்டை கண்டால் 2,400 கிலோ. அது எடுப்பது 14 கிலோ சொச்சம். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்றில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 50 கிலோ, ஏக்கருக்கு 20 கிலோ. டி.ஏ.பி.யாக இட்டால் மாவுக்குச் சுமார் 14½ கிலோ ஆகிறது. ஏக்கருக்கு ஒரு மூட்டையே தாராளம் என்றிருக்க, பக்கத்து வயல்காரர் இரண்டு இடுகிறார் என்று நாமும் இரண்டு இடுவது யாருக்கு லாபம்?

மண் ஆய்வுச் சீட்டில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் என்றிருந்தால் மண்ணில் இருப்பு அதிகம் என்று பொருள். அப்படிப்பட்ட வயலில் மணிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம். எவ்வளவு என்பதை வட்டார வேளாண்மை அலுவலரிடம் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். 2015-ஆம் ஆண்டு மண்வள அட்டைத் திட்டம் வந்தது. அட்டையை வாங்கிப் பெட்டியில் வைத்தவர்கள் பலர். அதைப் பார்த்து உரம் வாங்கியவர்கள் சிலரே.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். மணிச்சத்துக்கு நம் நாடு பெரும்பாலும் வெளிநாட்டை நம்பியிருக்கிறது. 2021 மே மாதம் டி.ஏ.பி. மூட்டை 2,400 ரூபாய் வரை ஏறியபோது, மத்திய அரசு மூட்டைக்கு 500 ரூபாயாக இருந்த மானியத்தை 1,200 ரூபாயாக உயர்த்தித்தான் விவசாயிக்கு 1,200 ரூபாயில் கிடைக்கச் செய்தது. அத்தனை செலவில் வரும் சரக்கை ஆகாயத்தாமரைக்கு உணவாக்குவது அடுக்காது.

போனதை மீட்கும் வழி

ஏற்கெனவே குளத்தில் சேர்ந்துவிட்ட மணிச்சத்து, வண்டலிலும் களையிலும் இருக்கிறது. இரண்டையும் வயலுக்குத் திருப்பிக் கொண்டுவரலாம். நம் முன்னோர் கோடையில் குளத்து வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்கு அடித்தார்கள். அது குளத்துக்கு மராமத்து, வயலுக்கு எரு. 2024-ஆம் ஆண்டு தமிழக அரசு விதிகளைத் திருத்தி, வண்டல் மண்ணைக் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியரே அனுமதி தர வழி செய்தது. ஆகாயத்தாமரையைப் பூக்குமுன் வாரி, கரையில் குவிக்காமல் தள்ளிக் கொண்டுபோய்ச் சாணத்தோடு மக்க வைக்க வேண்டும். கரையிலேயே கிடந்தால் அழுகிய சாறு மறுபடி குளத்துக்கே வடியும்.

பாபநாசம் பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறது. 3,000 கலம் கொள்ளும் என்பார்கள். அவ்வளவு நெல்லையும் விளைவித்த காலத்தில் டி.ஏ.பி. மூட்டை இல்லை. ஆற்று வண்டலும் தொழுவுரமும் தழையுரமும்தான் மண்ணைத் தாங்கின. இன்றைய விளைச்சலுக்கு அவை மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. அவற்றைச் சேர்த்துக்கொண்டால் மூட்டை குறையும் என்கிறேன். நெல்லின் மணிச்சத்தில் பெரும்பகுதி தவிட்டில் தங்குகிறது. தவிட்டை நம் மாட்டுக்கே வைத்தால் அது சாணமாகி வயலுக்குத் திரும்பும்.

குளம் கெடுவதற்கு விவசாயியை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல. சோப்புத் தூளும் கழிவு நீரும் ஊர்ச் சாக்கடையும் அதே குளத்தில்தான் விழுகின்றன. ஊராட்சிகள் சாக்கடையைக் குளத்தில் விடுவதை நிறுத்த வேண்டும். அதிகாரிகள் செய்ய வேண்டியவை மூன்று: மண் ஆய்வு முடிவைக் குறுவை உழவுக்கு முன்பே கையில் தர வேண்டும். வண்டல் அனுமதியைச் சித்திரை, வைகாசியில், வாய்க்காலில் தண்ணீர் வருமுன் வழங்க வேண்டும். அடியுரக் காலத்தில் கூட்டுறவுச் சங்கங்களில் உரம் தட்டுப்பாடின்றி இருக்க வேண்டும். அடியுரத்துக்குக் கிடைக்காத டி.ஏ.பி. தாமதமாக வந்து சேரும்போதுதான் விவசாயி அதை மேலுரமாகத் தண்ணீரில் விசிறுகிறார்.

இந்தக் கோடையில் ஒவ்வொரு ஊரிலும் ஒரே வடிகாலைப் பகிர்ந்துகொள்ளும் விவசாயிகள் கூடி, மண் மாதிரி எடுக்கும் நாளையும் வண்டல் வாரும் நாளையும் குறித்துக்கொள்ளட்டும். ஒருவர் மட்டும் மடையை மூடினால் குளம் தெளியாது.