கிணற்றை அளந்த பின் மலையைத் துளைப்போம்

கோடை நீண்டு கிணறுகள் உவர்க்கும் போதெல்லாம், தூரத்து நதியொன்றைத் திருப்பிக் கொண்டுவந்தால் சகல கஷ்டங்களும் தீரும் என்ற யோசனை புத்தளக் கரையோரத்தில் சுலபமாக ஆதரவு பெறுகிறது. அதில் நியாயமும் உண்டு. 1976 இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறக்குறைய 8 கிலோமீற்றர் பாறையைக் குடைந்து உக்குவளைக்குத் திருப்பிய நீர், போவத்தென்னையில் மீண்டும் ஒரு சுரங்கத்தினுள் புகுந்து கலாவாவியைச் சேர்கிறது. அவ்வாவியைக் கடந்துவரும் கலா ஓயாவோ நமது களப்பின் வடபுறத்தில் வந்து கலக்கிறது. ஆகவே, மலைக்குள் நடக்கும் வேலை நமக்குச் சம்பந்தமற்ற காரியம் என்று நாம் சொல்ல இயலாது.

கருங்கல் மலையும் தன் வெடிப்புகளில் நீரைத் தேக்கி வைத்திருப்பதால், அவ்வெடிப்பொன்றைச் சுரங்கம் திறந்துவிட்டால் மேலேயுள்ள ஊரின் கிணறு வற்றிவிடக்கூடும். உமா ஓயா பல்நோக்குத் திட்டத்தின் சுரங்கத்தில் 2014 டிசெம்பரில் நீர் பெருக்கெடுத்ததைத் தொடர்ந்து பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின; வீட்டுச் சுவர்கள் பிளந்தன; முற்றத்துக் கிணற்றில் அள்ளிக் குடித்த குடும்பங்கள் பவுசரை எதிர்பார்த்து வீதியில் நிற்க நேர்ந்தது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. இயந்திரத்துக்கு முன்னால் சிறு துளையொன்றைப் பாறைக்குள் நீளச் செலுத்தி, அதிலே நீர் பீறிட்டால் வேலையை நிறுத்தி, சீமெந்துக் குழம்பை அழுத்தத்தோடு ஏற்றி வெடிப்புகளை அடைத்து, அது இறுகிய பின்னரே மேலே துளைப்பது சுரங்கத் தொழிலில் வழக்கமான முறைதான். அதற்குக் காலமும் பணமும் செலவாகும் என்பதனாலேயே, செலவைக் குறைக்க நினைப்பவரின் விருப்பத்துக்கு அதை விட்டுவிடலாகாது. மேலும், துளைக்குமுன் கிணற்றில் நீர் எம்மட்டில் நின்றது என்பதற்கு எழுத்துச் சாட்சி இல்லாவிடில், பின்னர் நஷ்டஈடு கேட்போருக்கு ஏழை சொல் அம்பலம் ஏறாத கதைதான்.

முன்கூட்டியே அளந்து பதியும் இந்நியதி நமது கிணறுகளுக்கும் பொருந்தும். கற்பிட்டி மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீர் ஓரடி தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீர் சுமார் 40 அடி ஏறும் என்பது சாஸ்திரக் கணக்கு. அங்கே தோட்டங்களுக்கு இடும் பசளையால், கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்திருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. வண்ணாத்திவில்லின் சுண்ணக்கற் படுகையில் ஆழத்தே கிடக்கும் நீரும், கணக்கின்றி இறைப்பதற்கு வற்றாத பொக்கிஷமன்று.

ஆதலால், தூரத்து நதியைக் கேட்கும் உரிமையோடு இரு கடமைகளையும் நாம் ஏற்க வேண்டும். சுரங்கம் செல்லும் வழியிலுள்ள மலையகக் கிணறுகளின் நீர்மட்டம் முன்கூட்டியே அளந்து பகிரங்கப்படுத்தப்பட வேண்டுமென்று, அந்நீரைக் குடிக்கப் போகும் நாமே குரலெழுப்புவது ஒன்று. நமது கிணறுகளையும் பிரதேச சபைகள் மாதந்தோறும் அளந்து பதிய வேண்டுமென்று வற்புறுத்துவது மற்றொன்று. அந்த அளவுக் கணக்கு மக்கள் பார்வைக்கு வராதவரை எந்தச் சுரங்கத்துக்கும் அனுமதி வழங்கலாகாது.