இருண்ட திரையும் சர்க்கார் கணினியும்

சேலத்துச் சமவெளியை விட்டு விலகி ஏற்காட்டு மலைக்கு ஏறுகிற பாதை முதல் வளைவைத் தொடுவதற்கு முன்னால், பெயருக்கு ஏற்றபடி மலையின் காலடியில் ஒதுங்கிக் கிடக்கும் இந்த அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்குத் தினந்தோறும் காணக் கிடைக்கிற காட்சி ஒன்று உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்துக்குப் போக வேண்டிய வண்டிகள் இங்கே சற்று நின்று இளைப்பாறுகின்றன. டயரைத் தட்டிப் பார்ப்பவர்களும், டீ குடிப்பவர்களும், மேலே பனி இறங்கியிருக்கிறதா என்று விசாரிப்பவர்களுமாகக் கால் மணி நேரம் கழிகிறது. அந்த விசாரணைகளுக்கு நடுவே, வெளியூர் வண்டியைக் கண்டால் டீக்கடைக்காரர் தவறாமல் கேட்கிற கேள்வி, வண்டி என்ன விலை என்பதன்று. டிரைவருக்கு மலை ஓட்டிப் பழக்கம் உண்டா என்பதுதான்.

கணினிக்குள்ளும் டிரைவர் என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. புத்தகத் தமிழில் அதை இயக்கி என்கிறார்கள். கடைத்தெருவில் டிரைவர் என்றுதான் வழங்குகிறது, நானும் அப்படியே சொல்லுகிறேன். ஒலியை எழுப்பும் பாகம், இணையத்தைப் பிடிக்கும் பாகம், திரையில் சித்திரத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஷை இருப்பதால், அந்தப் பாஷையை அறிந்து வேலை வாங்குகிற ஒரு நிரல் ஒவ்வொன்றுக்கும் வேண்டியிருக்கிறது. இவற்றுள் கிராபிக்ஸ் கார்டின் பாஷையே மிகவும் சிக்கலானது. ஒலியின் டிரைவர் கெட்டால் கணினி ஊமையாகும், அவ்வளவுதான். இதன் டிரைவர் கெட்டாலோ மற்ற யாவும் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கையிலேயே நமக்கு எதுவும் தெரியாமல் போகிறது.

அப்படித்தான் என் வீட்டிலும் நேர்ந்தது. சேலம் ஐந்து ரோட்டுப் பக்கத்துக் கடையொன்றில் பல வருஷங்களுக்கு முன் வாங்கிய மேஜைக் கணினியில், விண்டோஸை அகற்றிவிட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, எழுதுவதற்கும் படிப்பதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் யாதொரு குறையுமின்றி உபயோகித்து வந்தேன். மூடுபனி அடிவாரம் வரையில் இறங்கி நின்ற ஒரு காலையில், புதுப்பிக்கலாமா என்று கணினி கேட்டதற்கு மரியாதையாகச் சம்மதம் தெரிவித்தேன். அணைத்து மீண்டும் போட்டபோது, விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் அமாவாசையாகக் கிடந்தது. வந்து பார்த்த இளைஞர் ஆரம்பத் திரையில் ‘நோமோட்செட்’ என்று ஒரு சொல்லைத் தட்டியதும், மங்கிய எழுத்துகளோடும் வீங்கிய சித்திரங்களோடும் ஏதோ ஓர் உருவம் தெரிந்தது. “கார்டு நல்லாத்தான் இருக்குதுங்க சார், அதுக்கு டிரைவர் போடறதைக் கம்பெனிக்காரன் நிறுத்திட்டானுங்க” என்றார். ஆரோக்கியமாக இருக்கிற ஒரு பொருள், அதனிடம் பேசத் தெரிந்தவர் இல்லாத காரணத்தால் பிணத்துக்குச் சமானமாகிவிட்டது என்ற உண்மை எனக்குப் புரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது. அவர் தம் கடையிலிருந்து கொண்டுவந்து மாட்டிய கார்டோ, கழற்றப்பட்டதைவிட வயதில் மூத்தது, விலையில் குறைந்தது. மாட்டியவுடன் திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது.

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் என்னவென்று விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன். இனிப் பேசுவது என் வீட்டுக் கார்டைப் பற்றியன்று, உலகறிந்த விஷயங்களைப் பற்றியே. லினக்ஸின் மூலாதாரமான கெர்னல் என்ற பகுதி சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. மூலநிரலை வெளியிட்டுக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட்ட டிரைவர், கெர்னல் மாறும்போதெல்லாம் அதை மாற்றுகிறவர்களாலேயே கூடவே திருத்தப்பட்டுவிடுகிறது. மூலநிரலை மூடிவைத்துக்கொண்டு, முடிந்த பண்டமாக மட்டும் நிறுவனம் கொடுக்கிற டிரைவரோ, ஒவ்வொரு முறையும் புதிய கெர்னலுக்குப் பொருந்தும்படி அந்த நிறுவனத்தாலேயே சரிசெய்யப்பட வேண்டும். என்றைக்கு அந்த நிறுவனம் பழைய கார்டில் இனி லாபமில்லை என்று கையைக் கழுவுகிறதோ, அன்றிலிருந்து அதற்குப் புதிய கெர்னலின் வாசல் அடைபட்டுவிடுகிறது.

கிராபிக்ஸ் கார்டு வியாபாரத்தில் பெயர்பெற்ற என்விடியா நிறுவனம் நெடுங்காலம் இந்த இரண்டாவது வழியிலேயே நின்றது. அதன் டிரைவர் வேகத்தில் குறைந்ததன்று. வாழ்கிற வரையில் நன்றாகவே வாழ்ந்தது என்பதை நியாயத்துக்குக் கட்டுப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இரகசியம் இரகசியமாகவே இருந்தது. அந்த இரகசியத்தைப் பொறுக்காத சில நிரலாளர்கள், 2005ஆம் ஆண்டு வாக்கில், மூடிய டிரைவர் கார்டுக்கு என்னென்ன எண்களை அனுப்புகிறது என்று ஒட்டுக்கேட்டு, அதிலிருந்து அதன் இலக்கணத்தை ஊகித்து, நுவோ என்ற பெயரில் திறந்த டிரைவர் ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். கல்வெட்டு படிக்கிறவர்களுடைய பொறுமைக்கு ஒப்பான அந்தப் பொறுமையின் பலனாக 2010இல் அது கெர்னலிலும் இடம்பெற்றது. ஆனால் 2014இன் பிற்பகுதியில் வெளிவந்த கார்டுகளிலிருந்து, நிறுவனத்தின் கையொப்பமிட்ட உள்நிரல் இல்லாமல் கார்டு தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளாது என்ற ஏற்பாடு வந்துவிட்டது. எங்கள் ஊர் பாஷையில் சொல்வதானால், வண்டியை ஓட்டலாம், ஆனால் இருபது வளைவையும் முதல் கியரிலேயே ஏற வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் தாத்பரியம். 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸைப் படைத்தவர் என்ற உரிமையில், அந்த நிறுவனத்தைக் குறித்துக் காட்டிய விரற்சைகை பிரசித்தமானது. குடும்பத்தார் படிக்கிற பத்திரிகையில் அதை வர்ணிப்பதற்கில்லை.

சைகையால் ஒன்றும் நடந்துவிடவில்லை. பத்தாண்டு கழித்து, 2022 மே மாதத்தில், டிரைவரின் கெர்னல் பகுதியை மட்டும் என்விடியா திறந்துவிட்டது. அதுவும் 2018இல் தொடங்கிய தலைமுறையிலிருந்து வந்த கார்டுகளுக்கு மாத்திரம். பெரிய பெரிய கணினிக் கூடங்களில் லினக்ஸையே ஓட்டுகிற பெரிய வாடிக்கையாளர்களின் சௌகரியம் அந்த மனமாற்றத்துக்குப் பெரிதும் உதவியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தனிமனிதனின் கோபத்துக்கு வியாபாரி செவிசாய்ப்பதில்லை. மொத்தமாக வாங்குகிறவனுடைய முகக்குறிப்பைத்தான் பார்க்கிறான்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 2006இல் கிராபிக்ஸ் கார்டு தயாரித்துவந்த ஏ.டி.ஐ. நிறுவனத்தை வாங்கிய ஏ.எம்.டி., அடுத்த ஆண்டே தன் கார்டுகளின் இலக்கணத்தை வெளியிடுவதாக அறிவித்து, திறந்த டிரைவருக்கு வழிவிட்டது. 2012இல் கடைக்கு வந்த அதன் ரேடியான் ஏழாயிர வரிசைக் கார்டுகளை, அந்த நிறுவனமே 2021இல் பழைய சாமான் பட்டியலில் தள்ளி, விண்டோஸுக்கான வழக்கமான டிரைவர் திருத்தங்களை நிறுத்திவிட்டது. அதே கார்டுகளுக்கு லினக்ஸில் அதற்குப் பின்னரும் புதிய திருத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன, அவற்றில் சிலவற்றை எழுதியவர்கள் ஏ.எம்.டி.யின் சம்பளக்காரர்களும் அல்லர். நிறுவனம் ஒன்றே, கார்டும் ஒன்றே. மூலநிரல் நாலு பேர் கையில் இருந்ததால், கைவிட்டவர் கைவிட்ட பிறகும் எடுத்து வளர்ப்பதற்கு ஆள் கிடைத்தது. சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் பூர்வ கதையும் இப்படியொரு டிரைவரில்தான் தொடங்குகிறது என்பதை இங்கே சொல்லாமலிருக்க மனம் வரவில்லை: அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்த ஜெராக்ஸ் அச்சு இயந்திரம் அடிக்கடி காகிதம் சிக்கி நின்றபோது, அதைத் திருத்துவதற்காக மூலநிரலைக் கேட்ட ரிச்சர்ட் ஸ்டால்மன், கொடுக்க முடியாது என்று மறுக்கப்பட்டார். 1983இல் அவர் அறிவித்த க்னூ திட்டத்துக்குப் பின்னால் அந்த மறுப்பின் கசப்பு இருந்தது.

இந்த அயல்நாட்டுக் கதைகள் நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். தமிழ்நாட்டு சர்க்காரைப்போல் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கணினியை லட்சக்கணக்கில் வாங்கிய சர்க்கார்கள் உலகத்தில் அதிகமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். லினக்ஸும் நமக்குப் புதிதன்று. 2006, 2007ஆம் ஆண்டுகளிலேயே, சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தமிழ்நாட்டு சர்க்காரின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக்காட்டியது. அதே காலத்தில் மத்திய அரசின் சென்னை சி-டாக் நிறுவனம் பாஸ் என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கு இடம் தருகிற லினக்ஸைத் தயாரித்து வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்து ஏற்றப்பட்டு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவு நிற்கப்போகிறது என்றானபோது, அலுவலகங்களுக்குப் பாஸ் லினக்ஸைச் சிபாரிசு செய்ததும் இதே சர்க்கார்தான்.

இத்தனை உத்தேசங்கள் இருந்தும், சர்க்கார் மடிக்கணினியைப் பெற்ற பிள்ளைகளில் எத்தனையோ பேர் வீட்டுக்குப் போனவுடன் செய்த முதற்காரியம் பாஸ் லினக்ஸை அழித்ததுதான் என்பதைக் கல்லூரி வாசலில் நிற்கிற யாரும் சொல்லுவார்கள். பழக்கமின்மை ஒரு காரணம். சினிமாவும் விளையாட்டும் மற்றொரு காரணம். இவற்றுக்கு அப்பால், எந்த இயங்குதளம் ஏற்றப்பட வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு, உள்ளே இருக்கிற பாகங்களுக்கு அந்த இயங்குதளத்தில் டிரைவர் நிலைத்திருக்குமா என்று கேளாதுவிட்டது, வண்டியில் இரண்டாவது ஸ்டியரிங் ஒன்றைப் பொருத்திவிட்டு அது சக்கரத்தோடு இணைந்திருக்கிறதா என்று பாராமல் விட்டதற்குச் சமானம். அந்தக் கணினிகள் பெரும்பாலும் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவை. சிப்புக்குள்ளேயே அடங்கிய கிராபிக்ஸுக்கு இன்டெல் நிறுவனம் திறந்த டிரைவரை நெடுங்காலமாகக் கொடுத்து வருவதால், பலருடைய திரை இருளாமல் தப்பியது. இது அதிர்ஷ்டமேயன்றி நம் சாமர்த்தியம் அன்று. அதே இன்டெல் 2008 வாக்கில் சிறு மடிக்கணினிகளுக்கென்று வெளியிட்ட ஜி.எம்.ஏ. 500 என்ற கிராபிக்ஸ், வேறொரு நிறுவனத்தின் பவர்வி.ஆர். என்ற சரக்கை உள்ளே வைத்து வந்தபடியால், லினக்ஸ்காரர்களை வருஷக்கணக்கில் அலைக்கழித்தது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஓ, ஏறத்தாழ 2017ஆம் ஆண்டுக்கு முந்திய சிப்புகளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆகவே திட்டத்தின் முதல் ஆறேழு ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட மடிக்கணினிகளில் இன்னும் உயிரோடிருப்பவை, லினக்ஸை ஏற்றினால் பிழைக்கும், ஏற்றாவிட்டால் காயலான் கடைக்குப் போகும் என்ற நிலையில் இருக்கின்றன. நாகலூரிலோ வெள்ளக்கடையிலோ மஞ்சக்குட்டையிலோ காப்பித் தோட்டத்துக் கூலியில் படித்த ஒரு பெண்ணுக்கு அது வீட்டின் ஒரே கணினி. தம்பிக்கும் தங்கைக்கும் அடுத்து வரவேண்டிய சொத்து. திரை இருண்டுவிட்டால், அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, இருபது வளைவும் இறங்கிச் சேலத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். சமவெளியில் சாதாரணச் சிரமமாகத் தெரிவது மலைமேல் நஷ்டமாகிவிடுகிறது.

2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அத்தனை பெரிய வாடிக்கையாளர் வாய்திறந்து கேட்டால், எந்த நிறுவனம் தாட்சண்யமில்லாமல் மறுக்கும்? 2015இல் மத்திய அரசு வெளியிட்ட திறந்த மென்பொருள் கொள்கை, சர்க்கார் உபயோகிக்கிற மென்பொருளைப் பற்றியது. அந்தக் கொள்கையை இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளும் கொண்டுபோக வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கணினியிலுள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய டிரைவர் மூலநிரலோடு பொதுவான லினக்ஸ் கெர்னலில் முன்னதாகவே சேர்ந்திருக்க வேண்டும், சேராத பாகத்தை ஏற்பதற்கில்லை என்ற ஒரு வாக்கியத்தை டெண்டரில் எழுதலாம்.

விலை கூடிவிடும் என்று ஆக்ஷேபிப்பார்கள். இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் சாதாரண மடிக்கணினிகளுக்குத் தருகிற கிராபிக்ஸ் அநேகமாக இந்த நிபந்தனைக்கு ஏற்கெனவே உட்பட்டதே ஆதலால், கூடுவதற்குப் பெரிய முகாந்திரம் இல்லை. செயற்கை நுண்ணறிவு படிக்கிற பிள்ளைகளுக்கு என்விடியா கார்டும் அதன் கூடா என்ற நிரலமைப்பும் வேண்டுமே என்பார்கள், அது நியாயமே. அந்தக் கார்டுகளைக் கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்குத் தனியே வாங்கிக் கொடுக்கட்டும். வீட்டுக்கு எடுத்துச் சென்று பத்து வருஷம் உபயோகிக்க வேண்டிய கணினிக்கு அந்தத் தேவை இல்லை.

நிபந்தனையை எழுதினால் மட்டும் போதாது, சோதிக்கவும் வேண்டும். டெண்டரில் தேறுகிற ஒவ்வொரு மாதிரியிலும் நாலைந்தை, பாஸ் லினக்ஸைத் தயாரிக்கிற சென்னை சி-டாக்கிடமும், கம்ப்யூட்டர் படிக்கிற சேலத்துக் கல்லூரி மாணவர்கள் சிலரிடமும் ஒரு வாரம் கொடுத்துவைக்கலாம். கெர்னலை இரண்டு முறை புதுப்பிக்கட்டும். மூடியைச் சாத்தித் தூங்கவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து, திரை விழிக்கிறதா என்று பார்க்கட்டும். ஒரு முழுநீளச் சினிமாவை ஓட்டட்டும், அவர்களுக்கும் பொழுதுபோகும். கடைசியாக, மலைமேல் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டரில் அதை இணைத்துப் பார்த்து, சுவரில் படம் விழுந்த பிறகு பணம் கொடுக்கலாம்.