நடுவர் இருக்கை

அரசியல் பேசும் அவையில் நடுவராய் அமர்வது எளிதென்று எண்ணுவார் பலர். மணியொன்றும் கடிகாரமொன்றும் இருப்பின் போதும். பேசுவோர் பேசுவர், காலம் கழிந்ததும் மணி ஒலிக்கும், அவ்வளவே என்பது அவர் கருத்து. யாமும் சென்ற ஆண்டுவரை அங்ஙனமே எண்ணியிருந்தோம். காவிரி நீரைக் குறித்து நம் கல்லூரி மாணவர் கூடி உரையாடிய ஒரு மாலைப்பொழுதில் அவ்விருக்கை எமக்கு வாய்த்தது. அதனைச் செவ்வனே வகித்தோமில்லை என்பதை அன்று வந்திருந்த நண்பர் அறிவர். வாராதார்க்கும் ஈண்டுக் கூறிவிடுதல் நன்று.

எம் குடும்பத்தார்க்கு வெண்ணாற்றுப் பாசனத்தில் சிறிது நிலம் உண்டு. குறுவை நடமாட்டாது வயல் வெடித்துக் கிடந்த ஆண்டுகளை யாம் ஏட்டிற் படித்து அறிந்தவரல்லோம். அன்று விடுதி மாணவர் ஒருவர் பேச எழுந்தார். தந்தையாரின் பணி காரணமாகக் கர்நாடகத்து மண்டியாப் பகுதியில் வளர்ந்தவர். அங்குள்ள உழவர்க்கும் வறட்சி உண்டு, அணை வற்றிய நாளில் அவரும் வாடிய கரும்பைப் பார்த்து நிற்கின்றனர் என்று சொல்லத் தொடங்கினார். உடனே கூச்சல் எழுந்தது. கூச்சலிட்டவரை யாம் அடக்கவில்லை; பேசியவர்க்கு மணியடித்தோம். அவர்க்கு இன்னும் இரண்டு நிமிடம் எஞ்சியிருந்தது. கடிகாரம் எம் கையில்தான் இருந்தது.

அவர் யாதும் கூறாது அமர்ந்தார். பின்னர் எண்மர் பேசினர். எண்மரும் ஒன்றையே பேசினர். அவருள் ஒருவர், 2007-ஆம் ஆண்டு நடுவர் மன்றத் தீர்ப்பின்படி கர்நாடகம் 419 டி.எம்.சி. நீர் தரக் கடமைப்பட்டது என்று முழங்கினார். (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) அது பிழை. 419 என்பது தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு. நம் எல்லைக்குள் பெய்யும் மழையும், பவானி, அமராவதி முதலிய துணையாறுகளின் நீரும் அதனுள் அடங்கும். பிலிகுண்டுலுவில் வந்து சேரவேண்டியதாக அத்தீர்ப்பு வகுத்தது 192. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதனை 177.25 ஆகக் குறைத்தது. இது எமக்கு அப்போதே தெரியும். பிழை நம் பக்கத்துக்கு இனிதாயிருந்தமையால் வாளாவிருந்தோம். வேறொருவர் கன்னட மக்களைப் பிறப்பையிட்டே இழித்துரைத்தபோது யாமும் சிரித்தோம். அவை கைதட்டலோடு கலைந்தது.

நிலமுடையான் நடுவனாய் இருத்தல் தகாது என்று நண்பர் ஒருவர் பின்னர் எமக்கு ஆறுதல் கூறினார். அதனை யாம் ஒப்போம். அங்ஙனமாயின் கல்லணைக்குக் கிழக்கே நடுவனாகத் தக்கான் ஒருவனும் இலன். நீர் குறைந்த காலத்தில் ஆறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் முறைவைத்துப் பாசனம் நடப்பதை நாம் அறிவோம். ஊர் மடையைத் திறக்கும் மனிதனுக்கும் அவ்வாய்க்காலிலேயே ஒரு துண்டு நிலம் இருத்தல் கூடும். அவனுக்கு நிலம் உண்டா என்று எவரும் கேளார்; முறை முடிந்ததும் தன் மடையை அடைத்தானா என்றே கேட்பர். கடைமடைக்காரன் கரைமேல் நின்று பார்த்துக்கொண்டேயிருக்கின்றான். பலர் காணச் செய்தலே அவனைக் காக்கிறது.

திருநெல்வேலிக்கு அணித்தான மானூரில் ஏறத்தாழக் கி. பி. 800-ஆம் ஆண்டினதாகிய பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று உளது. ஊர் மகாசபையில் எதற்கெடுத்தாலும் மறுப்பே கூறித் தடை செய்வாரும், அவர்க்குத் துணை நிற்பாரும் ஐந்து காசு தண்டம் இறுக்கவேண்டும் என்று அச்சபையார் விதித்தனர். கருத்துக்கன்று, நடக்கைக்கே தண்டம் என்பது காண்க. விதியோ சபையாரே கூடி வகுத்து, யாவரும் காணக் கல்லில் வெட்டுவித்தது. யாம் அன்று அடித்த மணிக்கு எவ்விதியும் இல்லை.

அண்மைக்காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 2002-ஆம் ஆண்டு மழை பொய்த்து இரு மாநிலத்தும் கொதிப்பு மிகுந்திருந்தது. 2003-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துப் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முயற்சியால் இருபாலுழவரும் சென்னையில் ஒருங்கு கூடினர். அக்கூட்டுக்குக் காவிரிக் குடும்பம் என்று பெயர். 1983-இல் டெல்டா உழவர் சார்பில் உச்ச நீதிமன்றம் சென்ற மன்னார்குடி ரங்கநாதனும், கர்நாடக உழவர் தலைவர் புட்டண்ணையாவும் அதில் இருந்தனர். ஒருவர் வயலை ஒருவர் சென்று கண்டனர். கூட்டி வைத்தவர் தமிழ்நாட்டு நிறுவனத்தார் என்பது மறைவன்று. ஆயினும் கன்னட உழவர் வந்து அமர்ந்தனர். அரசுகள் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை எதுவும் அதனால் விளையவில்லை என்பது மெய்யே. வழக்கு வழக்காகவே நடந்தது. ஆனால் எதிரியென்று கேள்விப்பட்டவனது வரப்பில் நடந்து அவன் வாயாற் கேட்டவர் சிலர் இருபுறத்தும் உளராயினர். அதனை யாம் சிறிதென்று கருதோம்.

"1991-ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூர்த் தமிழரைத் தாக்கியவர்க்கும், 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் வண்டிகளை எரித்தவர்க்கும் செவி சாய்ப்பதோ?" என வினவுவார் உளர். வண்டி எரித்தவன் வேறு, கரும்பு வாட நின்றவன் வேறு. இவ்விருவரையும் ஒருவனாக்கிவிட்டதே அன்றைய கூச்சலின் வேலை. சினந்து பேசுவோரையும் பேசவிடல் வேண்டும் என்பதே எம் கருத்து. டெல்டாவில் பிறந்தவன் காவிரியைப் பற்றிச் சினவாது பேசுவான் என எதிர்பார்ப்பது வீண். ஒரு மக்களைப் பிறப்பாலும் மொழியாலும் இழிப்பவனை மட்டும், அவன் நம்மவனேயாயினும், அக்கணமே நிறுத்தல் வேண்டும். எண் ஒன்று கூறப்படின், 'எங்கே கண்டீர்?' என்று இருதிறத்தாரையும் ஒருபடித்தாய்க் கேட்டல் வேண்டும். நம்மவரைக் கேட்பதுதான் நாவுக்குக் கடினம்.

இவ்விதிகளை ஒரு தாளில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு முன்னரே சுவரில் ஒட்டுமாறு மாணவர் அவைச் செயலாளரிடம் கொடுத்துள்ளோம். மணியை வேறொருவர் வைத்துக்கொள்வார். விடுதி நண்பரிடமும் சென்று, இழந்த இரண்டு நிமிடத்தோடு முதற் பேச்சும் உமதே என்றோம். அவர் இன்னும் விடை கூறவில்லை.